நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

மார்ச் 5, திங்கள். காலை 5.40. மணிக்கணக்கு 412.

தேவை 400. பன்னிரண்டு கூடவே இருக்கிறது. முடிந்தது.

இதை எழுதும் நாளில் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். கண் எரிகிறது, அவ்வளவுதான். வெளியே காற்று. மழைக்கு அறிகுறியே இல்லை. அப்பா குளிக்கத் தண்ணீர் காய வைத்துவிட்டு, அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி இருமுகிறார்.

பாக்கி:
விண்ணப்பப் படிவம் - பாதி.
மதிப்பெண் நகல் - ரெடி.
சிபாரிசுக் கடிதம் இரண்டு - ரெடி. ஒன்றில் செந்தில்குமார் என்று இருக்கிறது. நான் வெறும் செந்தில். திருப்பி அனுப்பத் தெம்பில்லை.
கேஸ் ரிப்போர்ட் - குமரனின் இடது கணுக்கால். கடைசிப் பக்கம் பாக்கி.
மணிக்கணக்குச் சான்று - எஸ்டேட் டாக்டர், வெள்ளிக்கிழமை கையெழுத்து.

அடுத்த திங்கள், 12-ம் தேதி தபாலில் போட்டால்தான் 31-க்குள் போய்ச் சேரும். சேர வேண்டிய இடம் அமெரிக்கா. பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. கிடைக்கும்வரை வெளியே சொன்னால் கண் பட்டுவிடுமாம், அம்மா உத்தரவு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எழுதவில்லை.

படிப்பு: அத்லெட்டிக் ட்ரெயினிங், முதுநிலை, இரண்டு வருடம். பிசியோதெரபிப் பட்டம் கையில் இருக்கிறது. அதில் அடிபட்டவன் நம்மிடம் வருவான். இதில் அவன் அடிபடுமுன்பே மைதானத்து ஓரத்தில் நாம் நிற்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு விளக்கி வாய் வலிக்கிறது. "ஜிம் மாஸ்டருக்குப் படிக்கப் போறியா கண்ணு?" - போன வாரம் கோயமுத்தூர் மாமா. ஆமாங்க மாமா என்று முடித்துவிட்டேன்.

கடினமான விதி ஒன்றுதான். ஒரு விளையாட்டு அணியோடு, மருத்துவர் மேற்பார்வையில், 400 மணி நேரம். குறைந்தால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மாட்டார்கள். நான் விசாரித்தவரை, பக்கத்தில் விடாமல் பயிற்சி செய்கிற அணி இந்தத் தேயிலைத் தோட்டத்துப் புட்பால் அணி ஒன்றுதான். டிசம்பரிலிருந்து காலையில் தோட்டம். மதியம் இரண்டு முதல் எட்டு வரை குன்னூரில் நர்சிங் ஹோம் வேலை.

6.05 பஸ். ஷூ இன்னும் ஈரம்.

அதே நாள், பகல் 12, திரும்பும் பஸ்ஸில்.

பயிற்சிக்கு வந்தவர்கள் 11. டிசம்பரில் 19. தேயிலை விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் வாரம் நான்கு நாள்தான் வேலை. பையன்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் ராசையா எல்லோருக்கும் வர்க்கி வாங்கி வந்திருந்தார். டாக்டர் வாரம் இரண்டு நாள்தான் வருவார், அதனால் என் மணிக்கணக்கை எழுதி வைப்பது இவர்.

"நம்ம செந்தில் தம்பிக்கு நானூத்திப் பன்னெண்டு! தின்னுங்கடா."

"அமெரிக்கால வர்க்கி கெடைக்குமா சார்?" - குமரன், கேப்டன். பாக்டரியில் இலை மூட்டை ஏற்றுபவன். காலில் கட்டு, வாயில் வர்க்கி.

"கெடைக்காது."

"அப்ப எதுக்கு சார் போறீங்க?"

மார்ச் 6, செவ்வாய்.

காலையில் லேசான தூறல், மண் நனையவில்லை. ஐந்து நிமிடத்தில் வெயில்.

படிவத்தில் தினசரிப் பக்கம் இருக்கிறது. இதுவரை கவனிக்கவில்லை. தேதி, வந்த நேரம், போன நேரம், மேற்பார்வையாளர் சுருக்கொப்பம். சரி, ராசையாவின் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரி மேஜையில் உட்கார்ந்தேன். நேரம் எதுவும் இல்லை. தேதிக்கு எதிரே 1, 1, 1. சில இடத்தில் ½.

"ஏனுங்க ராசையாண்ணா, வந்த நேரம் போன நேரமெல்லாம் எங்கீங்க?"

"அதான் போட்டிருக்கே. ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒரு பேரு. எட்டு மணி நேரம்."

"நான் பதினொண்ணரைக்கெல்லாம் பஸ் ஏறிடறனுங்களே."

"ஏறினா என்ன? காலையில வந்தீங்கதானே?"

"இந்த அரை?"

"அது பெரட்டு முடிஞ்சப்புறம் நீங்க வந்த நாளு. ஒம்பது நாளு. போனாப் போகுது, முழுசாப் போட்டுருவோம்னு பாத்தேன். ஆனா கணக்குன்னா கணக்குதானே தம்பி."

பெரட்டு என்பது காலை ஏழரைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதுவது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். தாமதமாக வந்தாலோ கிலோ குறைந்தாலோ அரைப் பேர். ராசையா ஆஸ்பத்திரிக்கு வருமுன் பத்து வருடம் பெரட்டில் பேர் எழுதியவர். என்னையும் அப்படியே எழுதியிருக்கிறார். முழுப் பேர் 47, அரைப் பேர் 9. ஐம்பத்தொன்றரைப் பேர், எட்டால் பெருக்கினால் 412.

சனிக்கிழமைதோறும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதின்மூன்று கையெழுத்து. ஒரு தடவைகூட மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

டாக்டர் வந்து போனார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 7, புதன்.

வெயில். தொண்டை வறட்சி.

காலேஜில் பழகிய பழக்கம், என் பாக்கெட் நோட்டில் ஒவ்வொரு நாளும் மூலையில் வந்த நேரம், போன நேரம் குறித்திருப்பேன். கூட்டிப் பார்த்ததே இல்லை, ராசையா கூட்டுகிறாரே என்று. இன்று நர்சிங் ஹோமில் நோயாளி வராத நேரத்தில் கூட்டினேன். இரண்டு தடவை. கால்குலேட்டரில் ஒரு தடவை.

56 நாள். 233 மணி.

சில நாள் மேட்ச் என்று பத்து மணி நேரம் நின்றிருக்கிறேன், அதற்கும் 1 தான். மற்ற நாளெல்லாம் நான்கு, மூன்றரை. ஒரு நாள் ஒன்றேகால், மழை.

167 குறைவு. ஐந்து நாள் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். அப்பா அரசுத் தொழிற்சாலையில் கிளார்க், இருபத்தெட்டு வருடமாகப் பைல் பார்க்கிறவர்.

"பதிவேடு யாருது?"

"தோட்டத்துதுங்க."

"கையெழுத்து யாரு போடறது?"

"டாக்டருங்க."

"அப்பறம் உனக்கென்னடா? நீயா எழுதினே? ஆபீஸ்ல ஒரு கணக்குன்னா அதுதான் கணக்கு. உன்ற பாக்கெட் நோட்டை யாரு கேட்டா?"

"ஏனுங்க, அவனச் சாப்புட உடுங்க" - அம்மா. பிறகு என்னிடம், மெதுவாக: "கண்ணு, அவங்களே போட்டுக் குடுத்ததுதானே?"

சாம்பாரில் உப்பு இல்லை.

இன்று: 4 மணி. (திங்கள் 4, செவ்வாய் 3½. இனிமேல் எழுதிக்கொண்டே வர வேண்டும்.)

மார்ச் 8, வியாழன்.

காலை பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர், சிறு விவசாயிகள். "இலையப் பறிச்சாலும் நட்டம், செடிலயே உட்டாலும் நட்டம்." "கேத்தில கேரட் போட்டவன் தப்பிச்சான்." "எங்க தப்பிச்சான்? அவன் தம்பி எங்கூடத்தான் டீக்கடைல உக்காந்து அழுவறான்." இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

பாக்டரி வாசலில் புது நோட்டீஸ். திங்கள் முதல் வாரம் மூன்று நாள். கோல்கீப்பர் நேற்றே திருப்பூர் போய்விட்டானாம். பயிற்சிக்கு 10. குமரனைக் கழித்தால் 9. அரைமனதாகப் பந்தை உதைத்துவிட்டு ஒன்பதரைக்குக் கலைந்தார்கள்.

ராசையாவிடம் நேராகவே கேட்டேன். நயமாகக் கேட்க எனக்கு வராது.

"நான் நாலு மணி நேரம் இருந்ததுக்கு எட்டுன்னு எழுதினா அது பொய்யில்லீங்களா?"

அவர் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தம்பி, நான் சிலோன்ல இருந்து வரக்குள்ள எனக்கு இருபது வயசு. அங்கயும் பெரட்டு, இங்கயும் பெரட்டு. என் சம்சாரத்துக்கு ரெண்டு கிலோ கொறஞ்சதுன்னு அரைப் பேரு போட்டானுக. வயித்துல ஏழு மாசம் அவளுக்கு. மல ஏறி வந்தாளா இல்லையா? வெயில்ல நின்னாளா இல்லையா? அன்னைக்குப் பேரு எழுதினது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"யாருங்க?"

"நான்தான். பக்கத்துல கணக்கப்பிள்ள நின்னான். ரெண்டு கிலோ கொறவு, அரைன்னு எழுதினேன். வீட்டுல மூணு நாளு பேசல." பஞ்சை டப்பாவில் போட்டு மூடினார். "அப்பறம் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். இங்க வந்து நான் எழுதுன ஒரே பேரு உங்க பேருதான். பனில, இருட்டோட பஸ்ஸப் புடிச்சு, காசு வாங்காம எங்க பயலுக கால அமுக்கறீங்க. பெரட்டுக்கு முன்னாடியே வந்த நாளுக்கும் உங்களுக்கு நான் அரை எழுதவா?"

அமெரிக்காக்காரனுக்குப் பேர் தெரியாது, மணி நேரம்தான் தெரியும் என்றேன். அவர், "எட்டால பெருக்கித்தானே குடுத்திருக்கேன்," என்றார்.

இன்று: 2½.

மார்ச் 9, வெள்ளி.

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

டாக்டர் பத்தரைக்கு வந்தார். வெளியே இருபது பேர், பாதிப் பேருக்குத் தோள் வலி, முட்டி வலி. எனக்கு முன்பே ராசையா சான்றுப் பக்கத்தை நிரப்பி வைத்திருந்தார். அழகான கையெழுத்து. மொத்த மணி நேரம்: 412. ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, மை காய ஊதி, டாக்டர் முன்னால் நீட்டினார்.

"அமெரிக்காவா? குட். அங்க போயிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டே." கையெழுத்து. நான்கு நொடி.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மற்றவன் எதையாவது தப்பாகச் சொன்னால் மூச்சு விடுமுன் திருத்துகிறவன். வாயைத் திறக்கவில்லை.

மாலை 4, நர்சிங் ஹோம். தினசரிப் பக்கத்தை எடுத்தேன். 6.30 - 2.30. 6.30 - 2.30. 6.30 - 2.30. அரைப் பேர் நாளுக்கு 8.30 - 12.30. ஐம்பத்தாறு வரி, நாற்பது நிமிடம். ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்று சில இடத்தில் 6.40 - 2.40. அந்த அறிவு எங்கிருந்து வந்ததோ. சுருக்கொப்பத்துக்கு ராசையாவிடம் நாளை போக வேண்டும். கேட்காமலே போடுவார்.

இரண்டு மணிக்கு இங்கே நர்சிங் ஹோம் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது, மேட்ச் நாள் தவிர மற்ற எல்லா நாளும். யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் இல்லை.

இன்று: 3.

மார்ச் 10, சனி.

குளிர் திரும்பியிருக்கிறது. விரல் மரத்துப் போனதால் டேப்பைக் கிழிக்கப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

நாளை தேவர்சோலையில் எஸ்டேட்டுகளுக்கு இடையே போட்டி. அடிபட்டு எழுந்தவன் ஆடுவதானால் "ஆட்டத்துக்குத் தகுதி" என்று சீட்டு வேண்டும், போட்டிக் கமிட்டி விதி. குமரன் வந்து நின்றான். ஐந்தாவது வாரம். வீக்கம் இல்லை, நடையில் நொண்டல் இல்லை. வெளிப்பக்கத் தசைநார் இன்னும் தளர்வு.

ஒற்றைக்கால் தாவல் பார்த்தேன். வலது 140 செ.மீ. இடது 95. மூன்று தடவையும் அதேதான். அறுபத்தெட்டு சதவீதம். தொண்ணூறு வராமல் இறக்கக்கூடாது.

"முடியாது குமரா."

"சார், ஒரு மேட்ச். திங்கக்கெழம நானும் திருப்பூர் போறேன். மாமா பையன் எடம் பாத்து வெச்சிருக்கான். அங்க போயி யாரு சார் பந்து ஆடப் போறா? கடைசி மேட்ச்சு. கேப்டன் இல்லாமப் போவாங்களா?"

"திருப்பி மடங்கினா ஆறு மாசம். மிஷின் முன்னாடி நின்னே வேல பாக்கணும் நீ."

"நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு வரி எழுதுங்க. தகுதின்னு. அவ்வளவுதானே?"

"அறுபத்தெட்டு இருக்கறப்ப எப்படிடா தகுதின்னு எழுதறது?"

அவன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்களுக்கு நானூத்திப் பன்னெண்டு எழுதினாங்களே சார். அது எப்பிடி எழுதினாங்க?"

மற்றவர்கள் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் போல. பதினொன்றரைப் பஸ்ஸுக்கு நான் ஓடுவதைத் தினமும் பார்க்கிறவர்கள்தானே.

"உங்களுக்குன்னா முழுப் பேரு. எனக்கு மட்டும் டேப் வெச்சு அளந்து அரைப் பேரா?"

"ரெண்டும் ஒண்ணில்ல" என்றேன். அவன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் இறங்கிப் போனான்.

கோபம். பஸ் வருமுன் ராசையாவிடம் ஐம்பத்தாறு சுருக்கொப்பம் வாங்கினேன். பார்க்காமல் போட்டார். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பெரிய கவர் வாங்கி, எல்லாவற்றையும் உள்ளே திணித்து, எச்சில் தொட்டு ஒட்டினேன். வாய் முழுக்கப் பசைச் சுவை. வீட்டுக்கு வந்து பல் தேய்த்தும் போகவில்லை.

இன்று: 4.

மார்ச் 11, ஞாயிறு.

காலை 5 மணிக்குக் கிளம்பல். இலை ஏற்றும் லாரிக்கு இப்போது ஏற்ற இலை இல்லை, எங்களை ஏற்றியது. ஒன்பது ஆட்டக்காரர்கள், நான், ராசையா, குமரன். அவன் வருவான் என்று நினைக்கவில்லை. தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து லாரியில் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். ஊட்டி தாண்டிக் கூடலூர் வளைவுகளில் இரண்டு பையன்கள் வாந்தி.

மைதானத்தில் 9.30 முதல் 4.00 வரை. ஆறரை மணி நேரம். பயணம் கணக்கில் சேராது என்று படிவத்தில் இருக்கிறது. ராசையா இன்றைக்கு இரண்டு பேர் போட வேண்டும் என்கிறார்.

ஒன்பது பேர் இறங்கியதும் கயிற்றுக்கு வெளியே சிரிப்பு, மலையாளத்தில் ஒரு குரல். "பாக்கி ரெண்டாளு எவிடே? சாயா குடிக்கான் போயோ?" ராசையா திரும்பி, "திருப்பூருக்குப் போயிருக்கானுக, நீயும் வேணும்னா போ," என்று கத்தினார். கேட்டவன் தலையைச் சொறிந்தான். அவன் தோட்டத்திலும் அதே கதைதான் போல.

டேப் சுற்றினது ஏழு கால். குமரன் கேட்காமலே பக்கத்தில் வந்து ரோலைப் பிடித்துக்கொண்டான். எந்த நீளத்தில் கிழிக்க வேண்டும் என்று அவனுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

இடைவேளை 0-2. பிறகு ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். எட்டுப் பேர். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் குமரனைப் பார்த்தார்கள். நடுவர்கூட. அவன் என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தான்.

சட்டைப்பையில் பேனா இருந்தது. சீட்டும் இருந்தது.

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவன் குனிந்து காலிப் பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தான். 0-5.

நான் செய்தது சரி. சந்தேகமே இல்லை, தளர்ந்த தசைநார், மேடு பள்ளமான தரை, எட்டுப் பேர். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சரி. ஆனால் திரும்பி வரும்போது லாரியில் என் பை மடியில் இருந்தது. பைக்குள் கவர். அவனுக்கு 68 என்றால் 68. எனக்கு மட்டும் 233 என்றால் 412. ஐந்து மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 12, திங்கள்.

மேகமூட்டம். மழை வந்தாலும் வரலாம்.

காலை 7.30, குன்னூர் பஸ் ஸ்டாண்ட். குமரனின் பஸ் ஏழேகாலுக்கே போய்விட்டது. காலுக்கான பயிற்சிகளை எழுதிக் கொடுக்கலாம் என்று வந்தேன், அதற்கு மட்டுமில்லை. கடலைக்காரரிடம் கேட்டேன். "பையோட நாலஞ்சு பசங்க ஏறுனாங்க. தெனமுந்தான் ஏறறாங்க. அதுல யாரைக் கேக்கறீங்க?"

10.00, போஸ்ட் ஆபீஸ். எனக்கு முன்னால் ஒரே ஆள், மணியார்டர். கவர் கையில். அப்பா நேற்று இரவே சொல்லியிருந்தார், "நாளைக்குப் போட்டுட்டு ரசீத பத்தரமா வெய்யி."

என் முறை வந்தது.

"என்னங்க வேணும்?"

"இன்லாண்டு லெட்டர் நாலு."

"கவர்?"

"இல்லீங்க. அது போகல."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பசித்தது. இரண்டு இட்லி.

இந்த வருடம் போயிற்று. 260½ மணியோடு அனுப்பினால் படிக்காமலே குப்பை. அடுத்த வருடம் இதே மார்ச்.

பகல் 12, தோட்டம். பயிற்சி இல்லை, மைதானத்தில் இரண்டு மாடு. ராசையாவிடம் கவரைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"போடலையா?"

"இல்லீங்கண்ணா. பதிவேட்டத் திருத்தணும். பேர வெட்டிட்டு நேரத்தை எழுதணும். நாளைக்கு டாக்டர் வர்றப்ப நானே அவருகிட்டச் சொல்லிக்கறேன். உங்க மேல எதுவும் வராது."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. டாக்டருக்குப் பயந்து இல்லை.

"போட்ட பேர வெட்டச் சொல்றீங்க."

"ஆமாங்க."

"பத்து வருசம் பெரட்டுல எழுதியிருக்கேன். அரைப் பேரு போட்டிருக்கேன். அதுக்கே இன்னும் திட்டு வாங்கறேன். ஆனா போட்ட பேர வெட்டுனதில்ல. ஒருத்தனுக்கும் வெட்டுனதில்ல தம்பி. வெட்டுனா அவன் வரவே இல்லைன்னு அர்த்தம்."

"நான் வந்தேன்னு எல்லாத்துக்கும் தெரியுங்கண்ணா. குமரனுக்குத் தெரியும்."

ராசையா டிராயரைத் திறந்து சிவப்புப் பென்சில் ஒன்றை எடுத்து மேஜையில் உருட்டிவிட்டார்.

"நீங்களே வெட்டுங்க. என் கையால முடியாது."

ஐம்பத்தாறு வரி. ஒவ்வொன்றாக 1-ஐ வெட்டிப் பக்கத்தில் என் பாக்கெட் நோட்டைப் பார்த்து நேரம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முப்பதாவது வரி வாக்கில் டீ கொண்டுவந்து வைத்தார். நாற்பதில் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீங்க பத்தே முக்காலுக்குப் போகல, கோல்கீப்பர் பயலுக்கு மூக்குல ரத்தம் வந்துச்சே, பதினொண்ணு இருபது," என்றார். நோட்டைப் பார்த்தேன். 11.20. என் கண்தான் ஒரு வரி தவறியிருக்கிறது.

முடிக்க ஒன்றேகால் ஆகிவிட்டது. நர்சிங் ஹோமுக்குத் தாமதம். அங்கே அரைப் பேர் கிடையாது, திட்டு மட்டும்தான்.

கணக்கு: 233 + போன வாரம் திங்கள் முதல் சனி வரை 21 + தேவர்சோலை 6½ = 260½. பாக்கி 139½. இன்று 0.

இனி:

1. நாளை செவ்வாய். டாக்டரிடம் நானே சொல்வது. வெள்ளிக்கிழமையே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. 412 சான்றை அவர் கண் முன்னால் கிழிப்பது.

2. அப்பாவிடம் இன்று இரவே. ரசீது கேட்பார். சாப்பிட்டு முடித்த பிறகு.

3. அணியில் மீதி 7 பேர், இன்னும் இரண்டு பேர் குமரனோடு போய்விட்டார்களாம். ஏழு பேர் வந்தாலும் பயிற்சி உண்டு என்று ராசையாவை விட்டு லயத்தில் சொல்ல வைப்பது. போதாததற்குக் கேத்தி பள்ளிக்கூடத்தில் விசாரிப்பது, ஓட்டக்காரர்கள் இருக்கிறார்களாம்.

4. தினமும் வந்த நேரம், போன நேரம் - என் கையெழுத்து, ராசையா கையெழுத்து. படித்துவிட்டு.

5. குமரனுக்கு இன்லாண்டு லெட்டர், வாரம் ஒன்று. முதல் வாரம்: ஒற்றைக்காலில் நிற்பது, கண்ணை மூடி, முப்பது நொடி, ஐந்து தடவை. படம் போட்டு. இடது தாவலை அவனே அளந்து எழுத வேண்டும், கூட்டாமல் குறைக்காமல்.

6. அவன் மாமா பையன் குடியிருக்கும் வீட்டு ஓனரின் போன் நம்பர் ராசையாவிடம் இருக்கிறது. ஞாயிறு காலை கூப்பிடுவது. முதலில் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது. பிறகு 260½ என்று சொல்வது.